ஆற்றிலும் கரண்டு, கம்பியிலும் கரண்டு

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அண்ணன் மகள் ஆங்கிலப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். ஏழாம் வகுப்பு. ஆற்றில் போகும் சின்ன ஓடம் ஒன்று தண்ணீரின் வேகத்தில் தடம் மாறிப் போவதாகக் கதை. அதைத் தமிழில் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். "ஓடத்தைக் கரண்டு அடித்துக்கொண்டு போனது" என்று எழுதியவள், அதற்கு மேல் பேனா நகராமல் என்னைப் பார்த்தாள்.

"சித்தப்பா, ஆத்துக்குள்ள எப்படி கரண்டு வரும்? கம்பி அறுந்து விழுந்துட்டா?"

நியாயமான கேள்வி. மழைக்காலம் வந்தால் எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்வது அதுதான்: வயல்காட்டில் கம்பி அறுந்து கிடக்கும், தண்ணீர் கிடக்கும் இடத்தில் காலை வைக்காதே. தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் ஆபத்து என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளை அவள். அந்த ஆங்கிலக் கதையில் மின்சாரமே இல்லை, ஆற்று நீரின் ஓட்டத்துக்குத்தான் அங்கே கரண்ட் என்று பெயர் என்று சொன்னதும், "அப்ப நம்ம வீட்டுக் கரண்டு?" என்று திருப்பிக் கேட்டாள். அவளுக்கு அன்று சொன்னதையும், சொல்லி முடித்தபின் எனக்குத் தோன்றியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கரண்ட் என்ற சொல்லின் வேர் லத்தீன். அந்த மொழியில் 'குர்ரெரே' என்றால் ஓடுவது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1300 வாக்கில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது அதற்குப் பொருள் 'ஓடுகிற' என்பது மட்டுமே. 14-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஓடுகிற நீருக்கே அது பெயராகிவிட்டது. ஆற்று ஓட்டம், கடல் ஓட்டம், பிறகு காற்றோட்டம். மின்சாரம் அதற்குள் வந்து சேர்ந்தது ஏறக்குறைய 350 வருடம் கழித்துத்தான். ஆக, ஆற்றில் எப்படிக் கரண்டு வந்தது என்று கேட்பதற்குப் பதிலாகக் கம்பிக்குள் எப்படி வந்தது என்று கேட்பதுதான் சரியான வரிசை.

அது வந்த கதை இது. 1740களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மின்சாரத்தை ஆராய்ந்தவர்கள் அதை ஒரு வகைத் திரவம் என்று நினைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத, எடையில்லாத ஒரு திரவம் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு வழிந்தோடுவதாக எண்ணம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அந்தத் திரவம் மிகுந்த இடத்தைப் பிளஸ் என்றும் குறைந்த இடத்தை மைனஸ் என்றும் சொன்னார். டார்ச் லைட்டுக்குப் பேட்டரி போடும்போது நாம் பார்க்கிற பிளஸ், மைனஸ் அதுதான். திரவம் என்றால் அதற்கு ஓட்டம் இருக்கவேண்டுமே. அதனால் ஆற்றுக்கு இருந்த சொல்லையே அதற்கும் வைத்தார்கள். 1800-இல் வோல்டா முதல் மின்கலத்தைச் செய்து காட்டினார். விட்டுவிட்டு வெட்டும் பொறியாக மட்டும் இருந்த மின்சாரம் அதன்பின் வாய்க்கால் மாதிரி நிற்காமல் வரத் தொடங்கியது. 1820-இல் ஓர்ஸ்டெட் என்ற டென்மார்க்காரர் கம்பியில் மின்சாரம் ஓடும்போது பக்கத்தில் இருக்கும் காந்த முள் திரும்புவதைக் கண்டார். அந்தச் செய்தி பாரிசுக்கு எட்டிய சில வாரங்களிலேயே ஆம்பியர் அதன் கணக்கைப் பிடித்துவிட்டார். மின்சாரத்தின் அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு என்று பிரித்துச் சொன்னவர் அவர். ஓட்டத்துக்கு அவர் வைத்த பிரெஞ்சுச் சொல்லும் கரண்டின் அண்ணன் தம்பிதான்: 'கூரான்'. இயற்பியல் புத்தகத்தில் கரண்டைக் குறிக்க ஏன் 'சி' போடாமல் 'ஐ' போடுகிறார்கள் என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால், பிரெஞ்சில் ஓட்டத்தின் 'இன்டென்சிட்டி', அதாவது செறிவு, என்று ஆம்பியர் சொன்னதன் முதல் எழுத்து அது என்று சொல்லிக்கொடுக்கலாம். 1881-இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு ஓட்டத்தின் அளவுக்கு அவர் பெயரையே வைத்தது. பாத்ரூம் ஹீட்டருக்கு 15 ஆம்ப்ஸ் பிளக் வேண்டும் என்று எலக்ட்ரீசியன் சொல்லும்போது நம் சுவரில் அந்த மனிதரின் பெயரைத்தான் பதிக்கிறார்.

சரி, திரவம் என்ற அந்தப் பழைய எண்ணம் தவறு என்று அப்புறம் தெரிந்துபோயிற்று. 1897-இல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தார். கம்பிக்குள் நகர்வது எடையும் மின்னூட்டமும் உள்ள நுண்துகள். அதுவும் ஃபிராங்க்ளின் நினைத்த திசைக்கு எதிர்த்திசையில் நகர்வது. இருந்தும் சொல்லை யாரும் மாற்றவில்லை. மாற்றத் தேவையும் இல்லை, ஏனென்றால் நீரை வைத்துச் சொன்னால்தான் இன்றைக்கும் அது புரிகிறது.

அண்ணன் மகளுக்கு நான் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் காட்டித்தான் சொன்னேன். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, குழாயில் அவ்வளவு அழுத்தம். அது வோல்டேஜ். குழாயைத் திறந்ததும் நொடிக்கு எவ்வளவு தண்ணீர் விழுகிறதோ, அது கரண்ட். குழாய் குறுகலாகவோ அடைத்துக்கொண்டோ இருந்தால் தண்ணீர் மெலிந்து வருமே, அது ரெசிஸ்டன்ஸ். கோடை காலத்தில் ஊர் முழுக்க ஃபேன் போட்டிருக்கும் ராத்திரியில் ட்யூப்லைட் முனகிக்கொண்டு எரியாமல் கிடக்கிறதே, அப்போது கம்பி இருக்கிறது, இணைப்பு இருக்கிறது, அழுத்தம்தான் இறங்கிப்போய்விட்டது. வோல்டேஜ் கம்மி என்று நாம் சொல்வது இயற்பியல் கணக்குப்படியே சரி.

அவள் கேட்ட அடுத்த கேள்வி: சுவிட்சைப் போட்ட உடனே லைட் எரிகிறதே, அவ்வளவு வேகமாகவா ஓடுகிறது? இல்லை. ஒரு சாதாரண வீட்டுக் கம்பியில் எலக்ட்ரான்கள் நகரும் வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. எறும்பு அதைவிட வேகமாக ஊர்ந்துவிடும். அதுவும் நம் வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தில் அவை நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அசைகின்றனவே ஒழிய எங்கும் போய்ச் சேர்வதில்லை. அப்படியானால் விளக்கு எப்படி உடனே எரிகிறது? தண்ணீர் ததும்ப நிற்கிற ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த முனையில் திறந்தால் அந்த முனையில் ஏற்கெனவே நிற்கிற தண்ணீர் அதே கணத்தில் விழும். இங்கே திறந்த தண்ணீர் அங்கே போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கம்பியும் அப்படித்தான், எப்போதும் எலக்ட்ரான்களால் நிரம்பியே இருக்கிறது.

இந்த விளக்கத்தை எந்த ஊரில் உட்கார்ந்தும் சொல்லலாம். ஆனால் தாமிரபரணிக் கரையில் சொல்லும்போது அது உவமையாக நிற்பதில்லை, நேரே கண்ணால் காட்டிவிட முடிகிறது. பொதிகை மலையில் பிறந்து ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலைச் சேரும் ஆறு இது. மலையிலிருந்து சமவெளிக்கு அது இறங்கும் இடம் பாபநாசம். அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் 1880களில் ஆண்ட்ரூ ஹார்வியும் ஃபிராங்க் ஹார்வியும் அங்கே பஞ்சாலை வைத்தார்கள். வெறும் கோயிலும் மண்டபமுமாக இருந்த இடத்துக்குப் பக்கத்தில் வி.கே.புரம், அதாவது விக்கிரமசிங்கபுரம், என்ற ஆலை ஊர் எழுந்தது அதனால்தான். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் மின்சாரமே கிடையாது. ஆற்றின் வேகமே சக்கரத்தைச் சுற்றி ஆலையை ஓட்டியது. ஆங்கிலத்தில் சொன்னால் அதுவும் கரண்டில் ஓடிய ஆலைதான். சொல்லின் பழைய பொருளில்.

அப்புறம் புதிய பொருள் வந்தது. சென்னை மாகாணத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல், மேட்டூர் 1937-இல், பாபநாசம் 1944-இல். உலகப் போர் நடந்துகொண்டிருந்த வருடங்களில் மேலே காரையாற்றில், நாங்கள் பாபநாசம் அணை என்று சொல்லும் அணையைக் கட்டி, அந்தத் தண்ணீரைக் கீழே இறக்கி, நான்கு இயந்திரங்களைச் சுழலவிட்டார்கள். அணையின் உயரம் 143 அடி என்பது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். மழைக்காலத்தில் டீக்கடையில் முதல் பேச்சு, 'பாபநாசம் எத்தனை அடி?' என்பதுதான். இன்று அந்த மின்நிலையத்தின் திறன் 32 மெகாவாட். இதே திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் கூடங்குளத்தில் ஓர் அணு உலைக்கு மட்டுமே 1000 மெகாவாட் என்று வைத்துப் பார்த்தால் 32 சின்ன எண்தான். ஆனால் பாபநாசத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. அங்கே தண்ணீர் தீர்ந்துபோவதில்லை. மின்நிலையத்துக்குள் புகுந்து சக்கரத்தைச் சுற்றிவிட்டு நுரைத்துக்கொண்டு வெளியே வரும் தண்ணீர், மறுபடியும் ஆறாகிவிடுகிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகளில் பிரிந்து, சுமார் 86,000 ஏக்கர் நெல்லுக்கும் வாழைக்கும் பாய்கிறது. ஒரே தண்ணீர் மேலே கம்பிக்குக் கரண்டு கொடுத்துவிட்டு, கீழே தானே கரண்டாக ஓடுகிறது. அந்த ஆங்கிலச் சொல்லின் இரண்டு பொருளும் ஒரே நதியில் அடுத்தடுத்து நிற்கிற இடம் எங்கள் பக்கம் இருக்கிறது என்பதில் எனக்கு உள்ளபடியே பெருமை.

பாய்கிறது என்று எழுதியதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்தில் ஆற்றையும் மின்சாரத்தையும் ஒரே சொல் இணைக்கிறது என்று வியக்கிறோம். தமிழிலும் அப்படி ஒன்று உண்டு. வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது. புலி பாய்கிறது. பத்திரிகைச் செய்தியில் 'மின்சாரம் பாய்ந்து விவசாயி பலி' என்று போடுகிறார்கள். அந்தத் தலைப்பில் பாய்தல் என்ற சொல் தண்ணீரையும் புலியையும் ஒரே நேரத்தில் கூட்டி வருகிறது. ஆங்கிலக் கரண்டில் வெறும் ஓட்டம்தான் இருக்கிறது. பாய்தலில் அந்த அடியும் இருக்கிறது.

ஓட்டத்துக்கு எங்கள் பக்கம் பேச்சில் உள்ள சொற்களைத் தனியாகவே சேர்த்து வைக்கலாம். படித்துறையில் இறங்கும் பிள்ளையிடம் எங்கள் ஆச்சி, "ஏல, அங்கன போவாத, இழுப்பு சாஸ்தி" என்பாள். ஆங்கிலக் கதையில் வந்த கரண்டுக்கு அச்சு அசலான சொல் அந்த இழுப்புதான். ஓட்டம் என்றால் தண்ணீர் போவது. இழுப்பு என்றால் தண்ணீர் நம்மையும் கூட்டிக்கொண்டு போவது. இழுவை என்று சொல்வோரும் உண்டு. ஓட்டம் சுற்றிச்சுற்றி ஒரே இடத்தில் உள்வாங்கினால் அது சுழி. கடற்கரைக்குப் போனால் சொல் மாறிவிடும். தென்கடற்கரை மீனவர்கள் கடலுக்குள் ஓடும் நீரோட்டத்தை 'நீவாடு' என்பார்கள். வலை எந்தப் பக்கம் சாயும், மீன் எந்தப் பக்கம் கூடும் என்பதை நீவாடு பார்த்துத்தான் சொல்வார்கள். பாடப்புத்தகத்தில் 'கடல் நீரோட்டம்' என்று அச்சடித்திருப்பதைப் படிக்கும் கடற்கரைப் பிள்ளைக்கு, தன் தாத்தா வாயில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது என்று யாராவது வகுப்பில் சொல்ல வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

இனி நம் கரண்டு. ஆங்கிலத்திலிருந்து வாங்கி நாம் அதை என்ன செய்தோம் என்று பார்த்தால், அது இப்போது தமிழ்ச் சொல் என்றே நான் சொல்வேன். கடைசியில் ஒரு உகரம் சேர்ந்தது. கரண்டுக் கம்பி, கரண்டுக் கம்பம், கரண்டு பில், கரண்டு அடுப்பு என்று குடும்பம் பெருகியது. மின்வாரிய அலுவலகம் 'கரண்டாபீஸ்' ஆனது. வேற்றுமை உருபும் தடையில்லாமல் ஒட்டுகிறது: கரண்டுல கை வைக்காதே, கரண்டுக்கு எழுதிப் போட்டிருக்கு, கரண்டை நிறுத்து. எங்கள் வட்டாரத்தில் கரண்டு நின்றுபோனால் 'கரண்டு போயிட்டு' என்போம், திரும்பினால் 'கரண்டு வந்துட்டு'. வடக்கே இருந்து வருபவர்களுக்கு இது புதிதாக இருக்கும். அவர்கள் பேச்சில் 'போயிட்டு' என்றால் வாக்கியம் இன்னும் முடியவில்லை, போய்விட்டு அடுத்து என்ன என்று காத்திருப்பார்கள். நெல்லையில் அத்தோடு வாக்கியம் முடிந்துவிட்டது. போய்விட்டது என்று பொருள்.

இதில் கவனிக்க வேண்டியது, நாம் கரண்டு என்று சொல்லும் பொருளில் ஆங்கிலேயர் இன்று அதைச் சொல்வதில்லை. அவர்களுக்கு வீட்டில் நின்றுபோவது 'பவர்'. மாதாமாதம் கட்டுவது 'எலக்ட்ரிசிட்டி பில்'. கையில் அடிப்பது 'ஷாக்'. கரண்ட் என்றால் கம்பிக்குள் ஓடுகிற அந்த ஓட்டம் மட்டும். அது விஞ்ஞான வகுப்புக்கும் எலக்ட்ரீசியனுக்கும் உள்ள சொல். நாமோ மின்சாரம் முழுவதற்கும் அதையே பெயராக்கிவிட்டோம். மலையாளத்திலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே வழக்குதான். இந்தியில் வேறு மாதிரி: மின்சாரத்துக்கு 'பிஜிலி' என்று சொந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, ஷாக் அடிப்பதைச் சொல்லத்தான் பெரும்பாலும் கரண்டைக் கூப்பிடுகிறார்கள். ஒரே சொல்லை ஒவ்வொரு ஊரும் தனக்கு எது பெரிதோ அதற்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. வெளியூர் வேலைக்கும் நேர்முகத் தேர்வுக்கும் போகிற நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசும்போது 'கரண்ட் இஸ் கான்' என்று சொல்லாமல் 'தி பவர் இஸ் அவுட்' என்று சொல்லப் பழகிக்கொண்டால் போதும். ஊரில் பேசும்போது மாற்ற வேண்டியது ஒன்றும் இல்லை.

கரண்டுக்கு ஆங்கிலத்தில் மூன்றாவதாக ஒரு பெரிய பொருள் உண்டு: இப்போதைய, நடந்துகொண்டிருக்கிற. ஓடிக்கொண்டிருக்கிற வருடம், ஓடிக்கொண்டிருக்கிற மாதம் என்ற நினைப்பில் வந்தது. ரயில்வே ஸ்டேஷனில் கரண்ட் புக்கிங், வங்கியில் கரண்ட் அக்கவுண்ட், போட்டித் தேர்வுக்குக் கரண்ட் அஃபேர்ஸ் எல்லாம் இந்தப் பொருள். கடை வைத்திருக்கும் அண்ணாச்சி தினமும் பணம் போட்டு எடுத்து ஓடவிடுகிற கணக்கு கரண்ட் அக்கவுண்ட். அசையாமல் சேர்ந்து கிடக்க வேண்டியது சேவிங்ஸ் கணக்கு.

இந்தப் பொருளுக்குத் தமிழ் வைத்த சொல்லைப் பார்த்தபோதுதான் நான் நிஜமாகவே நின்று யோசித்தேன். நடப்பு. நடப்பாண்டு, நடப்புக் கணக்கு, நாட்டு நடப்பு. வேர், நட. ஆங்கிலேயருக்கு நிகழ்காலம் ஓடுகிறது, நமக்கு நடக்கிறது. 'ஊர்ல என்ன நடப்பு?' என்று திண்ணையில் கேட்கும்போது நாம் உணராமலே காலத்துக்குக் கால் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம். கலெக்டர் ஆபீஸிலிருந்து வரும் கடிதத்தின் மேலே 'ந.க. எண்' என்று போட்டிருக்கும். நடப்புக் கணக்கு எண். அரசு அலுவலக ஆங்கிலத்தில் வந்து சேரும் தாள்களுக்குக் கரண்ட் என்றே பெயர். அதைத் தமிழாக்கியவர் மின்சாரம் பக்கம் போகாமல் சரியான பொருளைப் பிடித்து நடப்பு என்று வைத்திருக்கிறார். மனுக் கொடுத்துவிட்டு எங்கள் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் கொக்கிரகுளத்தில் வரிசையில் நிற்கிற யாருக்கும் அந்த இரண்டெழுத்துக்குள் ஓர் ஆறு ஓடுவது தெரியாது.

பணத்திலும் இதே கதைதான். கரன்சி என்ற சொல்லும் ஓட்டத்திலிருந்து பிறந்ததே. கைக்குக் கை ஓடுவதால் கரன்சி. தமிழில் பணம் ஓடுவதில்லை, செல்கிறது. இந்த நோட்டுச் செல்லுமா என்று கேட்கிறோம். செல்லாக் காசு என்கிறோம். 2016 நவம்பர் 8 இரவு 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் 'இனி செல்லாது' என்று டிவியில் சொன்னபோது அந்த ஒரு வினைச்சொல்லே ஒரு நாட்டைத் தூங்கவிடாமல் செய்தது. செலவு என்பதும் செல் என்பதிலிருந்து வந்ததுதான். சங்க காலத்தில் செலவு என்றால் பயணம். பொருள் தேடிப் புறப்பட்ட தலைவன் தலைவியின் முகத்தைப் பார்த்துத் தயங்கி நிற்பதைச் 'செலவழுங்குதல்' என்றார்கள். இன்று மாதக் கடைசியில் செலவு அதிகம் என்று சொல்லும்போது நம் கையை விட்டுப் புறப்பட்டுப் போவது பணம். சொல்லோ அதே சொல். செல்வாக்கு என்பதும் இந்த வீட்டுப் பிள்ளைதான்: செல்லுகிற வாக்கு. சொன்னால் எடுபடுகிற ஆளுக்குச் செல்வாக்கு இருக்கிறது.

அந்த லத்தீன் வேரிலிருந்து கிளைத்த மற்ற சொற்களையும் அண்ணன் மகளுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவளுக்குத் தெரியாதது ஒன்றுகூட அதில் இல்லை என்பதுதான் வேடிக்கை. கூரியர்: ஓடிப்போய்ச் சேதி கொடுப்பவர். கர்சர்: கம்ப்யூட்டர் திரையில் ஓடும் முள். கோர்ஸ்: ஓடி முடிக்க வேண்டிய தடம். ஓட்டப் பந்தயம் என்ற பொருளில் இருந்த கரிக்குலம் இன்று பாடத்திட்டம். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போகும் எக்ஸ்கர்ஷன்: வெளியே ஓடுதல். போஸ்ட் ஆபீசில் அவள் பெயருக்கு அண்ணன் கட்டும் ஆர்.டி.யில் இருக்கிற ரெக்கரிங்: திரும்பத் திரும்ப ஓடி வருவது. கையை எடுக்காமல் சேர்த்து எழுதும் கர்சிவ் எழுத்து: ஓட்டமாக எழுதுவது. நான்கு கோடு நோட்டில் அவள் சின்ன வயதில் அழுதுகொண்டே எழுதியது அதுதான். காரும் கேரியரும்கூடத் தூரத்து உறவு. ஆனால் கேக்கில் போடும் சின்ன உலர்திராட்சைக்கும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய இதே உச்சரிப்பில் 'கரண்ட்' என்று ஒரு சொல் உண்டு, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரத்தின் பெயரிலிருந்து வந்தது. எழுதும்போது ஒரே ஓர் உயிரெழுத்துத்தான் வித்தியாசம் என்பதால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இதில் தடுமாறுவார்கள். ஒரு சொல்லின் வேரைப் பிடித்தால் பத்துச் சொல் தானாகக் கையில் வரும். மனப்பாடம் செய்யவைப்பதைவிட இது நல்ல வழி என்று பல வருடமாக வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் கண்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

மின்சாரம் என்ற சொல்லைப் பற்றியும் கேட்டாள். மின் என்பது நம் பழைய சொல். மின்னல், மின்மினி, மின்னுதல் எல்லாம் அதிலிருந்து வந்தவை. வானத்தில் வெட்டும் ஒளியும் கம்பியில் வருவதும் ஒன்று என்று ஃபிராங்க்ளின் பாடுபட்டுச் சொன்னது தமிழில் மின்சாரம் என்ற பெயருக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கில எலக்ட்ரிசிட்டிக்கு மூலம் அம்பர் என்ற மரப்பிசின் கல். அதைத் துணியில் தேய்த்தால் வைக்கோல் துரும்பை இழுக்கும். கிரேக்க மொழியில் அதற்கு எலக்ட்ரான் என்று பெயர். 1600-இல் வில்லியம் கில்பர்ட் என்ற ஆங்கில மருத்துவர் அதை வைத்து லத்தீனில் ஒரு சொல் உண்டாக்கினார். அவர்கள் பெயர் வைக்கத் தேடியது கல்லை, நாம் தேடியது மின்னலை. கம்பியில் ஓடுவதை மட்டும் தனித்துச் சொல்லப் பாடநூலில் மின்னோட்டம் என்று வைத்திருக்கிறார்கள். கரண்ட் என்ற சொல்லுக்கு மிகப் பொருத்தமான தமிழாக்கம் அது. ஆறாம் வகுப்பிலிருந்தே அதைப் படிக்கும் பிள்ளைகள், நீரோட்டமும் மின்னோட்டமும் பக்கத்துப் பக்கத்து வீட்டுச் சொற்கள் என்று யாரும் காட்டாததால் கவனிக்காமல் போகிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கம் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. தாமிரபரணி கரை கடந்து ஊருக்குள் வந்தது. ஆற்றுக்கு நடுவில் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்குவது ஒன்றும் புதிதல்ல. அதற்கென்றே முன்பக்கத்தைப் படகின் முனைபோலக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த முறை தண்ணீர் எங்கெங்கோ போனது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்ற இடத்திலேயே நின்றது. கிழக்கே பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டு இல்லை. செல்போனில் சார்ஜ் இல்லை, மோட்டார் ஓடாததால் சுற்றிலும் வெள்ளம் நின்றும் குடிக்கத் தண்ணீர் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் கம்பத்துக்குக் கம்பம் போய் லைன்மேன்கள் கம்பியை இழுத்துக் கட்டினார்கள். தெருவில் மறுபடி விளக்கு எரிந்தபோது 'கரண்டு வந்துட்டு!' என்று பிள்ளைகள் போட்ட கூச்சல் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. ஆற்றின் கரண்டு கொண்டுபோனதை மனிதர்கள் கையால் மீட்டுக்கொண்டு வந்த நாட்கள் அவை. அந்த மனிதர்களை நினைக்காமல் இந்தச் சொல்லைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

அண்ணன் மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நோட்டை மறுபடி எடுத்தாள். கரண்டு என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'ஓடம் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டது' என்று திருத்தினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் அடித்துவிட்டு, அதன் கீழே ஆச்சி பேசுவது போலவே எழுதினாள்: 'ஓடம் இழுப்புல போயிட்டு.'

"டீச்சர் தப்பு போடுவாவளா, சித்தப்பா?"

நோட்டை வாங்கி, இழுப்பு என்ற சொல்லுக்கு அடியில் மட்டும் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.